முன் அச்சின் ஓய்வு

பதுளையிலோ பண்டாரவளையிலோ ஒரு கராஜுக்குள் நுழைந்தால், அங்கே நிற்கும் பழைய கெப் வண்டியின் முன்சக்கரத்தைப் பாருங்கள். சக்கரத்தின் நடுவே, கைக்குள் அடங்குகிற அளவில் ஒரு திருகுமுகம் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் ‘ப்ரீ’, மறுபக்கம் ‘லொக்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். சேறும் கல்லும் பட்டு எழுத்துத் தேய்ந்த வண்டிகளே அதிகம். ட்ரைவர்மார் எழுத்தைப் படிப்பதில்லை. கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அவர்களுக்குப் போதும். ப்ரீவீல் ஹப் என்பது இதன் முழுப்பெயர். பேச்சில் வெறும் ஹப்தான். “எறங்கி ஹப்பப் போடு தம்பி” என்ற குரலை மழைக்காலத்தில் எந்தத் தோட்டத்து முடக்கிலும் கேட்கலாம்.

மலையகத்தை எழுதுகிறவர்கள் ரயிலைப் பற்றி நிறையவே எழுதிவிட்டோம். 1924இல் பதுளையைத் தொட்ட தண்டவாளம், தெமோதரையில் தன்னைத் தானே சுற்றிக் கீழே நுழையும் பாதை, ஒன்பது வளைவுப் பாலம் எல்லாம் கதையிலும் கவிதையிலும் படத்திலும் வந்தாயிற்று. ஸ்டேஷனில் இறங்கியவர் தன் லயத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது அவ்வளவாக வரவில்லை. அந்தக் கடைசிப் பத்துக் கிலோமீற்றர் கரத்தைக்கு வெட்டிய ரோட்டு. கரத்தை போய் லொறியும் ட்ரக்டரும் ஜீப்பும் கெப்பும் வந்தன. ரோட்டின் அகலம் மட்டும் பெரும்பாலும் கரத்தையின் அகலத்திலேயே நின்றுவிட்டது.

ஹப் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். வண்டி ஓட்டுகிறவர்களிலும் பாதிப் பேர் அதைப் பிழையாகவே வைத்திருக்கிறார்கள். சாதாரண கெப் வண்டியில் என்ஜினின் பலம் பின்சக்கரங்களுக்குத்தான் போகிறது. கியர்பொக்ஸுக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி உண்டு. அதன் சிறிய லீவரைத் தள்ளினால் முன்பக்கத்துக்கும் ஒரு தண்டு சுழலத் தொடங்கும். அதுதான் ஃபோர் வீல். லீவரை எடுத்துவிட்டால் என்ஜின் முன்பக்கத்தைச் சுழற்றுவதை நிறுத்திவிடும். ஆனால் முன்சக்கரம் தரையில் உருள்கிறதே, அது சும்மா இருக்காது. தன்னோடு பொருந்தியிருக்கும் அச்சுத் தண்டைச் சுழற்றும். அது டிஃபரென்ஷலின் பற்சக்கரங்களைச் சுழற்றும். அது மறுபடி அந்த நீளத் தண்டைச் சுழற்றும். ஒரு வேலையும் செய்யாமல் ஒரு பெரிய இரும்புக் குடும்பம் முழுவதும் பதுளையில் இருந்து கொழும்பு வரை சுழன்றுகொண்டு போகும். தேய்மானம், இரைச்சல், கொஞ்சம் எரிபொருள், கொஞ்சம் ஸ்டியரிங் பாரம் எல்லாம் அதற்குக் கொடுக்கும் விலை. ஹப்பை ப்ரீயில் விட்டால் சக்கரம் அச்சுத் தண்டில் இருந்து விலகித் தன்பாட்டில் உருளும். உள்ளே எல்லாம் நின்றுவிடும். முன் அச்சு ஓய்வெடுக்கிறது.

ஹப்பை லொக் செய்தாலே ஃபோர் வீல் விழுந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. விழாது. லீவர் விலகி இருக்கும்வரை லொக் செய்த ஹப் வெறும் சும்மாச் சுழற்சியைத்தான் தரும். லீவரைப் போட்டுவிட்டு ஹப்பை மறந்தாலும் அதே கதை: தண்டு சுழலும், அச்சு சுழலும், சக்கரத்துக்கு மட்டும் ஒன்றும் வந்து சேராது. இதைவிடப் பெரிய கூத்து, ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் மறப்பது. பாதி பலமாவது கிடைக்கும் என்று தோன்றும். கிடைக்காது. டிஃபரென்ஷல் எந்தப் பக்கம் தடை இல்லையோ அந்தப் பக்கம் சுழற்சியை அனுப்பிவிடும். திறந்து கிடக்கும் பக்கத்தின் தண்டு விர்ரென்று சுற்றும். லொக் செய்த சக்கரம் அசையாது. மழையில் இறங்கியவன் பள்ளத்துப் பக்கம் போகப் பயந்து மலைப்பக்கத்து ஹப்பை மட்டும் திருப்பிவிட்டு வந்து ஏறினால், அவன் நனைந்தது மட்டுமே மிச்சம்.

ஹப் எங்கும் உள்ள பொருள்தான். ஆனால் இந்த ஊவா மாகாணத்தில் அதற்கு வேலை அதிகம். காரணம் இங்கே கார்ப்பெட் ரோட்டும் களிமண் ரோட்டும் அடுத்தடுத்து வருகின்றன. பெரகலையில் இருந்து ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலவுக்கு வரும் ஏ16. பதுளையில் இருந்து பசறை, லுணுகலை, பிபிலை என்று இறங்கிச் செங்கலடிக்குப் போகும் ஏ5. எல்லவில் இருந்து வெல்லவாயவுக்கு விழும் ஏ23. மூன்றும் வழவழப்பான ரோட்டுகள். மூன்றிலும் முடக்குக்கு மேல் முடக்கு. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீளமான வட்டத்தில் ஓடியாக வேண்டும். ஃபோர் வீலில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பிணைந்துகிடப்பதால், கடினமான தரையில் அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் தண்டுகளுக்குள்ளேயே முறுக்காக ஏறும். வண்டி இறுகும், ஸ்டியரிங் முரண்டுபிடிக்கும், லீவரை எடுக்கப் பார்த்தால் வராது. கொஞ்ச தூரம் பின்னால் எடுத்தால்தான் விடும். சேற்றில் இந்தத் தொல்லை இல்லை. சக்கரம் வழுக்கி முறுக்கைத் தானே அவிழ்த்துக்கொள்ளும். ஆகவே கார்ப்பெட்டில் ஃபோர் வீல் கேடு, தோட்ட ரோட்டில் அது இல்லாவிட்டால் கேடு. சமவெளியில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் பயணம் இருக்கலாம். பசறை ரோட்டில் இருந்து நமுனுகுல மலையடித் தோட்டம் ஒன்றுக்குத் திரும்புகிற இடத்தில் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மதகு.

இந்த முன் அச்சைப் பிணைப்பதும் அவிழ்ப்பதும் எங்கே இருக்க வேண்டும், யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸும் ஃபோர்டும் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்புகள் செய்து தள்ளின. அவற்றின் முன்சக்கரத்தில் அவிழ்ப்பு இல்லை. போர்க்களத்து வண்டி பத்து வருடம் உழைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. போர் முடிந்து மிஞ்சியவை மலிவாக விற்கப்பட்டு வீட்டு ரோட்டில் ஓடத் தொடங்கியபோதுதான் அந்தச் சும்மாச் சுழற்சி ஒரு குறையாகத் தெரிந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்தர் வார்ன் என்பவர் அந்த ஜீப்புகளுக்காக ஹப் செய்து விற்க 1948இல் நிறுவனம் தொடங்கினார். இன்று வார்ன் என்றால் பலருக்கும் வின்ச்தான் நினைவுக்கு வரும். தொடக்கம் இந்த ஹப்.

அதே 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட் ரோவர் வெளிவந்தது. உருக்குக்குத் தட்டுப்பாடு, ஆகவே அலுமினியக் கலவை உடல். 1,595 சிசி பெற்றோல் என்ஜின். நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் பலம் போகும். ஆனால் முன்பக்கத் தண்டில் ஒரு ப்ரீவீல் வைத்திருந்தார்கள். வளைவில் முன்சக்கரங்கள் முந்தி ஓட வேண்டுமானால் ஓடிக்கொள்ளும், முறுக்கு ஏறாது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, ஒரு இடத்தைத் தவிர. இறக்கத்தில் அக்சிலரேட்டரை விட்டால் என்ஜினின் பிடி முன்சக்கரங்களுக்குப் போகாது, ப்ரீவீல் அவிழ்ந்துகொள்ளும். அதற்காக ட்ரைவரின் காலடியில் ஒரு வளையம் வைத்தார்கள். இழுத்தால் பூட்டிக்கொள்ளும். 1950இல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, தேவைப்படும்போது மட்டும் முன்பக்கத்தைச் சேர்க்கும் எளிய முறைக்கு மாறினார்கள். மஞ்சள் குமிழ், சிவப்பு லீவர் என்று பழைய லாண்ட் ரோவர் ஓட்டிய எவரையும் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். முன்சக்கர ஹப்களை ஃபெயரி என்ற பிரித்தானிய நிறுவனம் செய்தது. வேண்டுமென்றால் வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம்.

1948 இங்கே வேறு விதமாக நினைவில் நிற்கும் ஆண்டு. பெப்ரவரியில் சுதந்திரம். ஆண்டு முடிவதற்குள், தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். ஆண்டுகள் ஒத்துப்போவதில் தத்துவம் எதுவும் இல்லை, அதைத் தேடவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் தோட்டத்துக்கு வந்த லாண்ட் ரோவருக்குப் பதிவுப் புத்தகமும் இலக்கத் தகடும் இருந்தன. அதைத் தள்ளிக் கரையேற்றியவருக்கு எந்தக் கடதாசியும் இல்லை. 1957இல் அந்தத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து ஏறியது, அடுத்த வருடம் அதன்மேல் தார் பூசும் போராட்டமும் வந்தது. இன்று அந்த ஸ்ரீ தகட்டோடு உள்ள லாண்ட் ரோவரைச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். பழசானால் எதற்கும் ஒரு மவுசு வந்துவிடுகிறது.

தோட்டத்தில் லாண்ட் ரோவர் பெரிய துரையின் வண்டி. சின்ன துரைக்கு மோட்டார் சைக்கிள். கொழுந்துக்கு லொறி, பிறகு ட்ரக்டர். ஹப் என்ற கருவி தனியாக வண்டியோட்டிப் போகும் ஒருவனை நினைத்து அமெரிக்காவில் உருவானது: அவனே ஓட்டுவான், அவனே இறங்குவான், அவனே திருப்புவான். தோட்டத்துக்கு வந்ததும் அது வேறு ஒழுங்குக்குள் புகுந்துவிட்டது. இறங்குகிறவன் வேறு. துரை இறங்கி ஹப் திருப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் பையன் இறங்குவான். கையில் சாக்குத்துண்டு, காலில் செருப்பும் இருக்காது. இரண்டு பக்கமும் திருப்பிவிட்டு அவன் ஏறும்போது வண்டி சில வேளை நகரத் தொடங்கியிருக்கும்.

அந்தப் பையனுக்குத்தான் ரோட்டின் நிலை தெரியும். இறங்கி நிற்கிறபோது கணுக்கால்வரை போகிறதா, மேலே மட்டும் நெகிழ்ந்து கீழே கல் கடினமாக இருக்கிறதா, கானில் தண்ணீர் கலங்கி வருகிறதா, தெளிவாக வருகிறதா என்பதெல்லாம் காலுக்குத் தெரிந்துவிடும். கலங்கல் என்றால் மேலே எங்கோ மண் கரைகிறது. ஆசனத்தில் இருப்பவருக்கு இதில் எதுவும் வந்து சேராது. கைத்திருகு ஹப்பைக் குறைசொல்கிறவர்கள் எப்போதும் சொல்வது, மழையில் இறங்க வேண்டியிருக்கிறதே என்பது. இந்த மலைகளில் அந்தக் கருவி செய்த பெரிய உபகாரமே அதுதான் என்பேன். வண்டி ஓடப்போகும் மண்ணில் ஒரு ஆளை ஒரு நிமிடம் நிற்க வைத்தது.

நல்ல ட்ரைவர் ஹப்பைச் சேற்றுக்குள் இறங்கிப் போடமாட்டார். சேறு வருமுன்னே, மதகுக்கு இப்பால், தரை இறுக்கமாக உள்ள இடத்தில் போடுவார். சிக்கியபிறகு திருப்பப் பார்த்தால் உள்ளே பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்கும், திருகுமுகம் பாதியில் நின்றுவிடும். வண்டியை ஒரு அடி அசைத்தால் பொருந்தும். ஆனால் அசைய முடியாததால்தானே இறங்கினோம். பொறுமை இழந்து குறட்டைப் போட்டுத் திருப்பினால் முகம் உடையும். உடைந்த முகத்தோடு ஓடும் கெப்கள் இந்தப் பக்கம் ஏராளம், குறட்டின் பற்கள் பதிந்த தடயத்தோடு.

ஹப் ஏற்றத்துக்கானது என்பது பொதுவான நம்பிக்கை. ஊவாவில் அது இறக்கத்துக்குத்தான் கூடுதலாக வேண்டும். பதுளை நகரம் ஏறக்குறைய 680 மீற்றரில் இருக்கிறது. நமுனுகுல உச்சி 2,036. இடையில் உள்ள தோட்டங்களில் ஏறியதெல்லாம் இறங்கியாக வேண்டும். ஏறும்போது பிடி தவறினால் வண்டி நிற்கும், மிஞ்சிப்போனால் பின்னால் வரும். கிளீனர் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பான். இறங்கும்போது தவறினால் கட்டை வைக்க நேரமில்லை.

கெப் வண்டியின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும்போது லேசானது. இறக்கத்தில் மூக்கு சாய்ந்ததும் இருக்கிற பாரமும் முன்னால் ஓடிவிடும். பின்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் வரும். பிரேக் சூடேறிக் கைவிடும் என்று பயந்து ட்ரைவர் சிறிய கியரில் போட்டு என்ஜினின் பிடியில் இறக்குவார், அது சரிதான். ஆனால் ஹப் ப்ரீயில் இருந்தால் அந்தப் பிடி முழுவதும் பாரமில்லாத பின்சக்கரங்கள் மீதே விழுகிறது. ஈரக் களிமண்ணில் அவை உருளாமல் சறுக்கும், பின்பக்கம் பள்ளத்தை நோக்கிச் சுழலும். பாரம் சுமக்கும் முன்சக்கரங்கள், பிடிக்கக்கூடிய ஒரே சக்கரங்கள், எந்தத் தொடர்பும் இல்லாமல் தன்பாட்டில் உருண்டு வரும். லொக் செய்து சிறு கியரில் நான்கையும் பிணைத்துவிட்டால் அதே வண்டி காலை ஊன்றி ஊன்றி இறங்கும். கொழுந்து ஏற்றிய வண்டியைவிட வெறும் வண்டி ஆபத்தானது என்பதை வெளியூர்க்காரர் நம்பமாட்டார். மேலே சாமான் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் பயணத்துக்குத்தான் ஹப் கட்டாயம். ஆனால் ஏறி முடிந்ததும் வேலை முடிந்தது என்று அதை அவிழ்த்துவிடுகிறார்கள்.

எண்பதுகளில் தானாகப் பூட்டிக்கொள்ளும் ஹப்கள் பரவலாகின. அச்சுத் தண்டு பலத்தோடு சுழலும்போது பூட்டிக்கொள்ளும். அவிழ்க்க, லீவரை எடுத்துவிட்டுச் சற்றுப் பின்னால் போக வேண்டும். தள்ளும் திசை மாறினால் அவை ஒருகணம் விட்டுப் பிடிக்கும். சமவெளிச் சேற்றில் அந்தக் கணம் யாருக்கும் தெரியாது. முடக்கின் நடுவே, மூக்கு கீழே பார்த்து நிற்கும்போது தெரியும். அவற்றைக் கழற்றிவிட்டுக் கைத்திருகு ஹப்பையே தேடி வாங்கிப் போட்டவர்கள் உலகம் எங்கும் உண்டு, இங்கேயும் உண்டு.

பழைய லாண்ட் ரோவரில் இன்னொரு சங்கதி. அதன் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பொக்ஸுக்குப் பின்னால், பின்பக்கத் தண்டில் இருக்கிறது. சரிவில் நிறுத்தி ஒரு பின்சக்கரத்தை ஜாக்கில் தூக்கினால் டிஃபரென்ஷல் தன் குணத்தைக் காட்டும்: தூக்கிய சக்கரம் பின்னோக்கிச் சுழல, தரையில் உள்ளது முன்னோக்கி உருள, ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே வண்டி நகரும். ஃபோர் வீலைச் சேர்த்து ஹப்பையும் பூட்டியிருந்தால் பிடி முன்சக்கரங்களுக்கும் போகும். டயர் மாற்றுமுன் ஹப்பைப் போடு என்று பழைய கராஜ் பாஸ்மார் சத்தம்போட்டது இதற்காகத்தான். கட்டையும் வை என்பார்கள். இரண்டும் வேண்டும்.

ஊவாவின் ஆண்டு இரண்டு பாதியாகக் கிழிந்தது. நாட்டின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வருவது ஈரம் பிழிந்த காற்று. கச்சான் வீசுகிறது என்பார்கள். ஜூலை தொடங்கி செப்டெம்பர் வரை அந்தக் காற்றில் கொழுந்து காய்ந்து சுருங்கி, ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பெயர் வாங்கிக் கொடுத்த அந்த வாசனை ஏறும். லிப்டன் 1890இல் தம்பேத்தன்னயில் தேயிலை ஸ்டோர் கட்டியதும் இந்தச் சரிவில்தான். அந்த மாதங்களில் ரோட்டு முழுக்கச் செம்புழுதி. ஃபோர் வீலை யாரும் நினைப்பதில்லை. ஹப் ப்ரீயில் கிடக்கும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில்.

பிறகு ஐப்பசி. மழை தொடங்கி மார்கழி தாண்டியும் விடாது. எந்த மழை என்று சொல்ல வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தத் தோட்டத்து லயங்களை மண் மூடியது இந்த மழையில்தான். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அந்த மலைக்கு அருகே எந்த வண்டி போனது, எது போகவில்லை என்பது அதற்குப் பிறகு ஒரு பொருட்டே இல்லை. எல்லா வண்டிப் பேச்சுக்கும் ஒரு எல்லை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

ஓய்வில் கிடந்த முன் அச்சு இந்த மழைக்கு எப்படி எழும்? டிஃபரென்ஷலில் ஒயிலை மேலே தூக்கிப் போட பம்ப் கிடையாது. பற்சக்கரம் சுழல்வதால்தான் ஒயில் மேலேறித் தெறித்து பெயரிங்குகளை நனைக்கிறது. மாதக்கணக்கில் சுழலாமல் நின்றால் ஒயில் அடியில் தங்கிவிடும். மேலே உள்ள பற்களில் இருந்த படலம் வடிந்துபோகும், பகல் வெயிலுக்கும் பண்டாரவளை இரவுக் குளிருக்கும் நடுவே உள்ளே ஈரம் வியர்க்கும், துரு பிடிக்கும். ஒயில் சீல்கள் காய்ந்து தண்டோடு ஒட்டும். ஹப்புக்குள் யாரோ அள்ளி அப்பிய கிரீஸ் கட்டிப்பட்டுப் பற்கள் நகராமல் இறுகும். அங்கே கிரீஸ் மெல்லப் பூசினால் போதும், அப்பக் கூடாது. ஆற்றுக்குள் சூடாக இறங்கிய ஹப் தண்ணீரை உறிஞ்சியிருந்தால், திறந்து பார்க்கும்போது கிரீஸ் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். சுழலாமல் இருப்பதால் தேய்வு குறையும் என்று விட்டது, சுழலாமல் இருந்ததாலேயே கெட்டுப்போகும்.

இதனால்தான் டொயோட்டாவின் கைநூல் மாதத்துக்கு ஒருமுறையாவது 16 கிலோமீற்றர் ஃபோர் வீலில் ஓட்டச் சொல்கிறது. கோடையிலும்தான். தேவை இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே அல்ல. கார்ப்பெட்டில் அப்படி ஓட்ட முடியாது, நேரான மண்ரோட்டில் ஓட்ட வேண்டும். தோட்டத்துக்கென்று தனிக் கராஜும் அதற்கொரு பாஸும் இருந்த காலத்தில் இது யாருடைய வேலை என்பதில் சந்தேகம் இருந்திருக்காது. 1975இல் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இல் கம்பெனிகளிடம் வந்தன. கை மாறியபோதெல்லாம் வண்டிகளும் சேர்ந்து கை மாறின. வண்டியோடு சேர்ந்த பழக்கங்கள் அப்படி மாறிப் போகவில்லை.

மழைக்காலத்துக்கு என் யோசனை எளிது: காலையில் ஸ்டோரடியிலேயே ஹப்பைப் போட்டுவிட்டு, அன்று முழுவதும் அதைத் தொடாதீர்கள். கார்ப்பெட்டுக்கு வந்தால் லீவரை மட்டும் எடுங்கள். முறுக்கு ஏறாது, ஹப் பூட்டியிருப்பதால் சும்மாச் சுழற்சி கொஞ்சம் இருக்கும், அவ்வளவுதான். மிச்சம்பிடிக்கும் டீசலைவிட, ஒவ்வொரு மதகிலும் இறங்கியேறும்போது ஒரு பக்கம் மறந்துபோவது பெரிய நட்டம். சிக்கனம் என்று சொல்லி ஹப்பை ப்ரீயில் வைத்துக்கொண்டே கார்த்திகை முழுவதும் ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். வண்டிச் சத்தம் குறைவாக இருப்பது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

1977இல் இறக்குமதிக் கதவு திறந்தபின் ஜப்பான் கெப்கள் வரிசையாக வந்தன. ஹைலக்ஸின் ஃபோர் வீல் வடிவம் 1979இல் வெளிவந்தபோது அதன் முன்சக்கரத்தில் கைத்திருகு ஹப்தான் இருந்தது. பிறகு அவிழ்ப்பு சக்கரத்தைவிட்டு உள்ளே போனது. பின்னால் வந்த மாதிரிகளில் டிஃபரென்ஷலுக்குப் பக்கத்திலேயே ஒரு தண்டை மட்டும் பிரித்துச் சேர்க்கும் சிறு கருவி இருக்கிறது. ஒரு தண்டு பிரிந்தால் போதும். மறுபக்கத் தண்டும் உள்ளே சில சிறு பற்களும் சுழன்றாலும் நீளத் தண்டு நின்றுவிடும். டிஃபரென்ஷலின் அதே குணம், எதிர்ப்பில்லாத பக்கம் ஓடும் குணம், இங்கே வேலைக்காரனாக்கப்பட்டிருக்கிறது. ட்ரைவர் பட்டனை அழுத்தினால் டேஷ்போர்டில் ஒரு வெளிச்சம் வரும். யாரும் இறங்கத் தேவையில்லை.

இது நல்லதா என்றால் நல்லதுதான். இரவு இரண்டு மணிக்கு இடுப்புவலி கண்ட ஒருத்தியைப் பின் ஆசனத்தில் வைத்துக்கொண்டு மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு இறங்குகிறவரிடம், மண்ணில் நின்று பார்ப்பதன் மகத்துவத்தை யாராவது பேசினால் அவர் காறித் துப்புவார். கஷ்டம் என்னவென்றால் பட்டன் வைத்த அந்த டபள் கெப் அவளுக்காக வருவதில்லை. அவள் பெரும்பாலும் வந்திருப்பது கொழுந்து லொறியில், இல்லாவிட்டால் ட்ரக்டர் பெட்டியில். இப்போது கொஞ்சம் பரவாயில்லை, த்ரீவீலர். டபள் கெப் இந்த நாட்டில் அமைச்சர்மாரின், அதிகாரிமாரின் அடையாளமாகிவிட்டது. கொழும்பில் ஓடும் டபள் கெப்களில் எத்தனையின் முன் அச்சு வாழ்நாளில் ஒருமுறையாவது உண்மையான சேற்றில் சுழன்றிருக்கும் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. உலகத்திலேயே நீண்ட ஓய்வில் இருக்கும் முன் அச்சுகள் அவை.

2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தது. நடுவிலுள்ள ஐந்து வருடமும் இங்கே ஓடியது பழைய வண்டி. குப்பையில் போட வேண்டிய ஹப்களைக் கூடக் கழுவி, பல் கடைந்து, வேறு வண்டியின் ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டு ஓடவைத்தார்கள் பாஸ்மார். 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தது, வாரத்துக்கு இவ்வளவு என்று கட்டு. அந்த அளவுக்குள் ஸ்டோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடுவதே இழுபறி. சும்மா இருக்கும் பற்சக்கரத்தில் ஒயில் தெறிக்க வேண்டும் என்பதற்காக எந்தத் தோட்டம் 16 கிலோமீற்றர் டீசலைச் செலவழித்திருக்கும்? ஓட்டப் புத்தகத்தில் போன இடம், போன காரணம், கிலோமீற்றர் என்று மூன்று நிரல் உண்டு. போன காரணம் என்ற நிரலில் ‘முன் டிஃப் நனைக்க’ என்று எழுதினால் கணக்கப்பிள்ளை தூக்கி எறிந்துவிடுவார்.

ஹாலிஎலப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ட்ரைவர் அண்ணன் ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். சம்பளத்துக்கு மறுநாள் தோட்ட டிஸ்பென்சரிக்கு மருந்துப் பெட்டி கொண்டுபோக வேண்டும். மேல் பிரிவுக்குச் சுற்றிப்போகும் மண்ரோட்டில் அன்று மட்டும் ஹப்பைப் போட்டு, லீவரையும் தள்ளி, வெயிலில் புழுதி பறக்கப் போய் வருவார். திரும்பி வந்து புத்தகத்தில் ‘மருந்து’ என்று எழுதிவிடுவார். வழியில் நிற்கிறவர்கள் கேலி செய்வார்களாம், “என்னாண்ணே, காஞ்ச ரோட்டுக்கு ஃபோர் வீலா?” என்று. அவர் பதில் சொல்வதில்லை. ஐப்பசியில் அவருடைய ஹப் விரலால் திருப்பினாலே விழுகிறது, பக்கத்துத் தோட்டத்து வண்டிக்குக் குறடு தேடுகிறார்கள்.